கீழக்கரை நிக்காஹை துபாய்க்குத் தாமதமின்றி அனுப்ப: ஹார்டுவேர் என்கோடரை அமைக்கும் முறை

கீழக்கரையில் நடக்கும் நிக்காஹை துபாயில் உள்ள உறவினர்கள் பார்த்தால் மட்டும் போதும் என்றால், யூடியூபில் ஏற்படும் சில நொடித் தாமதம் ஒரு குறையே அல்ல. மணமகளின் அண்ணன் அங்கிருந்தபடியே மஜ்லிஸில் (நிக்காஹ் சபையில்) பேச வேண்டும் என்று வீட்டார் விரும்பினால்தான் வேலை கடினமாகிறது. வழக்கமான எச்.எல்.எஸ். என்ற இணைய ஒளிபரப்பு முறையில் காட்சி 6 நொடித் துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, பார்ப்பவரின் கருவி மூன்று துண்டுகள் பின்தங்கியே தொடங்குவதால், ஏறத்தாழ 18 நொடிகள் அதிலேயே போய்விடும். எனவே எஸ்.ஆர்.டி. (குறைந்த தாமதத்தில் வீடியோ அனுப்பும் நெறிமுறை) வசதியுள்ள என்கோடரை (கேமரா காட்சியைச் சுருக்கி இணையத்தில் அனுப்பும் பெட்டி) வாங்கி, துபாய் முனையில் அதற்கேற்ற டிகோடரையோ (அதை மீண்டும் காட்சியாக்கும் கருவி) கணினியையோ வைத்து, நேரடியாக அனுப்புவதே சரியான வழி.

என்கோடரில் முதலில் பி-பிரேம்களை (முன்னும் பின்னும் வரும் பிரேம்களைச் சார்ந்து சுருக்கப்படும் பிரேம்களை) முழுவதுமாக நிறுத்திவிட வேண்டும். நொடிக்கு 25 பிரேம் என்றால் ஒரு பிரேம் 40 மில்லிநொடி. அடுத்தடுத்து இரண்டு பி-பிரேம் இருந்தால், பின்னால் வரும் பிரேமுக்காகக் காத்திருப்பதிலேயே குறைந்தது 80 மில்லிநொடி வீணாகும். பிட்ரேட்டை (நொடிக்கு அனுப்பும் தரவின் அளவை) மாறாத அளவில், அதாவது சி.பி.ஆர். முறையில், வைத்து, கீபிரேம் (பிற பிரேம்களைச் சாராத முழுப் படம்) இடைவெளியை ஒரு நொடியாக்குங்கள். மண்டபத்து டியூப்லைட் திரையில் துடிக்காமல் இருக்க, கேமராவின் ஷட்டர் 1/50 ஆக இருக்கட்டும்.

பெரும்பாலானோர் சறுக்குவது எஸ்.ஆர்.டி.யின் லேட்டன்சி அளவில்தான். வழியில் தொலைந்த பாக்கெட்டை (தரவுத் துணுக்கை) மறுபடி கேட்டு வாங்குவதற்கான அவகாசம் அது. இயல்பாக 120 மில்லிநொடியில் இருக்கும். மொபைல் இணைப்புக்கு அது போதாது. துபாய் முனைக்கு பிங் செய்து (சிறு சோதனைத் தகவல் அனுப்பி), போய்வரும் நேரத்தின் உச்ச அளவைப் பார்த்து, அதை நான்கால் பெருக்கி அங்கே இடுங்கள்: உச்சம் 100 மில்லிநொடி என்றால் 400. எண்ணைக் குறைத்துக்கொண்டே போவதைத் திறமையாகக் கருதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அரை நொடி தாமதமாக வரும் தெளிவான பேச்சை எவரும் குறை சொல்லமாட்டார்கள், நடுவில் அறுந்துபோகும் துஆவை (பிரார்த்தனையை) எந்த வீட்டாரும் பொறுக்கமாட்டார்கள்.

சிம் வழியாக இயங்கும் என்கோடருக்குப் பெரும்பாலும் பொது ஐ.பி. முகவரி (வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய இணைய முகவரி) கிடைப்பதில்லை என்பதால், என்கோடரை ‘காலர்’ (இணைப்பைத் தொடங்கும் முனை) ஆகவும், பொது முகவரி உள்ள மறுமுனையை ‘லிசனர்’ (இணைப்புக்குக் காத்திருக்கும் முனை) ஆகவும் அமைக்க வேண்டும். பதிவேற்ற வேகத்தை முந்தைய நாள் காலியான மண்டபத்தில் அளந்தால் நம்ப முடியாது. விருந்தினர் கூடியதும் அனைவருடைய போன்களும் அதே டவரைப் பங்குபோட்டுக்கொள்ளும். ஏர்வாடி தர்காவின் சந்தனக்கூடு விழா நாளிலும், ஆடி அமாவாசையன்று இராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையிலும் இதே நெருக்கடிதான். ஆகவே கூட்டம் சேர்ந்த பின் அளந்து, கிடைக்கும் வேகத்தில் பாதிக்கு மேல் பிட்ரேட்டை வைக்காதீர்கள். இயன்றால் ஃபைபர் இணைப்பு வாங்குங்கள். இல்லையேல் வேறு வேறு நிறுவனங்களின் இரண்டு சிம்களை பாண்டிங் முறையில் இணைக்கலாம்.

மொத்தத் தாமதத்தை அளக்க, ஒரு போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டுக் கேமரா முன் பிடித்து, அக்காட்சியை டிகோடருக்கு அனுப்பி, போனும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாடே உண்மையான தாமதம். இந்த ஒத்திகையில் டிகோடர் உங்கள் அருகிலேயே இருந்தாலும், லேட்டன்சி எண்ணை துபாய்க்கு வைத்த அளவிலேயே விட்டுவிடுங்கள்.

கீழக்கரை கடலோர ஊர் என்பதால், உப்புக் காற்று என்கோடரின் எச்.டி.எம்.ஐ. (கேமரா கேபிளைச் செருகும்) முனைகளை விரைவில் அரிக்கும். என்கோடர் பெட்டியைக் கடல் பக்கத்து ஜன்னலருகே வைக்காமல், பயன்படுத்தாத துளைகளை ரப்பர் மூடியால் அடைத்து, வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் இட்ட பையில் வைத்துவிட வேண்டும்.