பேக்கமன் பலகையில் காய் அடுக்குவது எப்படி?

பேக்கமன், இருவர் பகடை உருட்டிக் காய் நகர்த்தும் பலகை ஆட்டம். அதன் விதிகள் சீக்கிரம் பிடிபட்டுவிடும். காய் அடுக்கும்போதுதான் கை தயங்கும். பெட்டியோடு வரும் தாளில் படம் இருக்கும், ஆனால் அதில் வீடு (உங்கள் காய்கள் கடைசியில் வந்து சேர வேண்டிய கால்பகுதி) இடப்பக்கம் இருந்து, நீங்கள் வலப்பக்கம் வைத்து ஆடினால் குழப்பம் இரட்டிப்பாகும். வரிசையை மனப்பாடம் செய்துகொள்வது மேல்.

1. பலகையைத் திறந்து, நடுப்பட்டை உங்களிடமிருந்து எதிராளியை நோக்கி நீளும்படி வையுங்கள். வீடு எந்தப் பக்கம் என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். எந்தப் பக்கமும் சரிதான். இங்கே உங்கள் வலப்பக்கம் என்று வைத்துக்கொள்வோம்.

2. உங்களுக்கு அருகிலுள்ள வரிசையை வலது மூலையிலிருந்து நிரப்புங்கள். மூலை முக்கோணத்தில் எதிராளியின் காய் 2. நான்கு முக்கோணம் காலி. நடுப்பட்டையை ஒட்டி உங்கள் காய் 5. பட்டையைத் தாண்டி ஒன்று காலி, அடுத்ததில் உங்கள் காய் 3. மூன்று காலி. இடது மூலையில் எதிராளியின் காய் 5.

3. எதிர்வரிசையில் அதே இடங்களில் அதே எண்ணிக்கை, நிறத்தை மட்டும் மாற்றுங்கள். ஆளுக்கு 15 காய்களும் தீர்ந்துவிடும்.

இந்த மூன்றாவது படியில்தான் பலர் சறுக்குகிறார்கள். எதிராளி நமக்கு எதிரே உட்கார்ந்திருப்பதால், அவருடைய வீடும் அவருக்கு வலப்பக்கம்தானே என்று மனம் நினைக்கும். இல்லை. இரண்டு வீடுகளும் பலகையின் ஒரே பாதியில், நேருக்கு நேர் இருக்கும். உங்களுக்கு வலம் என்றால் அவருக்கு இடம். அதனால்தான் ஒருவர் கடிகாரச் சுற்றில் நகர, மற்றவர் எதிர்ச்சுற்றில் வருகிறார். எந்த முக்கோணத்தைப் பார்த்தாலும் அதற்கு நேர் எதிரே அதே எண்ணிக்கையில் மாற்று நிறக் காய்கள் இருக்க வேண்டும்.

இன்னொரு வழுக்கல், அந்த மூன்று காய்களைப் பட்டையை ஒட்டியே வைத்துவிடுவது. கண்ணுக்குத் தெரியாது, கணக்கில் மாட்டும். உங்கள் வீட்டு மூலையை 1 என்று வைத்து, உங்கள் வரிசையில் இடது மூலை வரை போய் எதிர்வரிசையில் திரும்பி வரும்படி முக்கோணங்களை எண்ணினால், உங்கள் காய்கள் 6, 8, 13, 24 ஆகியவற்றில் நிற்கும். ஒவ்வொரு காயும் நிற்கும் எண்ணைக் கூட்டுங்கள்: 30 + 24 + 65 + 48 = 167. உங்களுக்கு 164 வந்தால் மூன்று காய்களும் 7-இல் இருக்கின்றன, ஒரு முக்கோணம் தள்ளி வையுங்கள். சில ஆப்களில் 23-இலும் இரண்டு காய்கள் தெரியும். அது நாக்கமன் என்ற வேறு வகை ஆட்டம், அதைப் பார்த்து அடுக்காதீர்கள்.

பலகை வாங்குவதாக இருந்தால் காந்தப் பலகை வேண்டாம் என்பேன். ஒரு காயைத் தூக்கினால் பக்கத்துக் காயும் ஒட்டிக்கொண்டு வரும். ஐந்து காய்கள் வரிசையாக, எதிர்வரிசையை இடிக்காமல் நிற்கும் அளவு இருந்தால் போதும்.

2, 4, 8 என்று 64 வரை எண் போட்ட பெரிய கட்டை ஒன்றும் இருக்குமே, அது உருட்டும் பகடை இல்லை. பந்தயத்தை இரட்டிப்பாக்குவதற்கு. 1920-களில் நியூயார்க்கில் வந்து சேர்ந்த வழக்கம் அது. ஆட்டம் தொடங்கும்போது 64 மேலே தெரிய நடுவில் வைப்பார்கள். புதிதாக ஆடுகிறவர்கள் அதைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம்.

சரி, அடுக்கியாயிற்று. ஆளுக்கு ஒரு பகடை உருட்டுங்கள். பெரிய எண் விழுந்தவர் அந்த இரண்டு எண்களையும் வைத்தே முதல் நகர்த்தலைச் செய்வார். ஒரே எண் விழுந்தால் மறுபடி உருட்ட வேண்டும். காய் மேல் ஏறிச் சாய்ந்து நின்ற பகடையும் செல்லாது.