மருந்து இரசாயன ஆய்வாளர் ஒருவரின் தடத்தைப் பிடிப்பது எப்படி

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமிருந்து இரசாயனவியல் படிக்கப் போன பிள்ளைகள் இறுதியாண்டு வந்ததும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: இந்தப் பேராசிரியருக்குக் கீழே ஆய்வு செய்யப் போகலாமா, அவர் பெரிய ஆளா? கூகுள் ஸ்கொலரில் பெயரைப் போட்டு, அவர் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை தரம் மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துக் கணக்கிடும் எச்-இன்டெக்ஸ் என்ற எண்ணைப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் அவர் கைபட்ட மூலக்கூறைத் தேடுங்கள், எண்ணை அப்புறம் பார்க்கலாம்.

மலேரியாவையே எடுப்போம். குளோரோகுயின் குளிசையின் கசப்பு வன்னியில் வயதானவர்கள் நாக்கில் இன்னும் இருக்கிறது. 2016இல்தான் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. அந்தக் குளிசை பல நாடுகளில் பலிக்காமல் போன காலத்தில் சீனாவில் து யூயூ என்ற ஆய்வாளர் ஒரு செடியின் சாற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒருமுறை வேலை செய்யும், மறுமுறை செய்யாது. கே ஹோங் என்ற பழைய சீன வைத்தியரின் நூலில், செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது, கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. அப்போ சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்து, ஈதர் என்ற கரைப்பானில் சாறெடுத்தார். ஈதர் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸில் கொதித்துவிடும், வவுனியாவின் சித்திரை மாத மத்தியானமே அதற்குப் போதும். 1971 ஒக்டோபரில் 191ஆம் இலக்க மாதிரி எலிகளில் ஒட்டுண்ணியை முழுதாக அழித்தது. ஆர்ட்டெமிசினின் என்ற மலேரியா மருந்து பிறந்தது அந்த வழியில். ஆனால் 1977இல் அதன் கட்டமைப்பு வெளியானபோது கட்டுரையில் ஆய்வுக் குழுவின் பெயர்தான் இருந்தது, தனியாள் பெயர் ஒன்றும் இல்லை. முனைவர் பட்டம் இல்லாத அவருக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. மேற்கோள் எண்ணிக்கையை வைத்துத் தேடியிருந்தால் அவர் நம் கண்ணில் பட்டிருக்கவே மாட்டார்.

சரி, தேடும் முறைக்கு வருவோம். பெயரில்தான் முதல் சிக்கல், அதுவும் எங்கள் ஆட்களுக்குப் பெரிய சிக்கல். ஒரு கட்டுரையில் தகப்பன் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும், இன்னொன்றில் அதே பெயர் குடும்பப் பெயராகப் பின்னால் போயிருக்கும், கல்யாணத்துக்குப் பிறகு மூன்றாவதாக ஒன்று வரும். ஆகவே ஆய்வாளருக்கு ஓர்கிட் என்கிற 16 இலக்க அடையாள எண் இருந்தால் அதைக் கொண்டு தேடுங்கள். உங்களுக்கும் இன்றைக்கே ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், இலவசம்தான்.

அடுத்து காப்புரிமங்கள். மருந்துக் கம்பனியில் வேலை செய்தவர்களின் உழைப்பு முதலில் அங்கேதான் பதிவாகும், கட்டுரை பிந்தித்தான் வரும், சிலவேளை வராமலும் போகும். கூகுள் பேடன்ட்ஸில் கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

எச்-இன்டெக்ஸை ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்தார். கணக்கு சுலபம். ஐந்து கட்டுரைகளுக்கு முறையே 40, 18, 9, 4, 2 மேற்கோள்கள் என்றால் எண் 4, ஏனென்றால் நான்கு கட்டுரைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் குறைந்தது நான்கு மேற்கோளாவது இருக்கிறது. அந்த 40 நாலாயிரமாக ஏறினாலும் எண் 4தான்! வாயால் விழுங்கும் மருந்தின் மூலக்கூற்று நிறை 500க்குள் இருந்தால் நல்லது என்பதுபோன்ற லிப்பின்ஸ்கி விதிகளை உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள், ஆனால் அவற்றைச் சொன்ன 1997ஆம் ஆண்டுக் கட்டுரையும் இந்தக் கணக்கில் ஒன்றுதான்.

ஆகவே நீங்கள் தேடும் பேராசிரியரை மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் நாலைந்தைத் திறந்து, அந்த வரியையே வாசியுங்கள். பத்துப் பேரோடு சேர்த்து ஒரே அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார்களா, அல்லது அவர் செய்த சேர்மத்தை எடுத்துத் தாங்களும் செய்து பார்த்திருக்கிறார்களா? இரண்டாவது வகை ஐந்து கிடைத்தால் எனக்கு அது ஐந்நூறு மேற்கோளுக்குச் சமம். தன்னைத் தானே மேற்கோள் காட்டியவற்றைக் கழித்துவிடுங்கள்.

கடைசியாக அவருடைய மாணவர்கள். கட்டுரைகளின் ஆசிரியர் வரிசையில் பெரும்பாலும் முதல் பெயர் வேலையைச் செய்த மாணவருடையது, கடைசிப் பெயர் ஆய்வுகூடத் தலைவருடையது. பத்து வருடத்துக்கு முந்திய முதல் பெயர்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று தேடுங்கள். அவர்களில் ஒருவருக்கு மின்னஞ்சல் போட்டு, பரிசோதனை பிழைத்துப்போன நாளில் பேராசிரியர் உங்களோடு எப்படிக் கதைத்தார் என்று கேளுங்கள்.