ஹேசல்நட்டும் சேம்பும் ஒரே தோட்டத்தில் – என் அனுபவம்

அமெரிக்காவில் விளையும் ஹேசல்நட் என்ற கொட்டையில் கிட்டத்தட்ட மொத்தமும் ஒரெகன் மாநிலத்தின் வில்லமெட் பள்ளத்தாக்கிலிருந்துதான் வருகிறது. ஆனால் அங்கே எங்கள் தோட்டத்து ‘ஜெஃபர்சன்’ ரக ஹேசல்நட் மரத்தில் குளிர்காலம் தோறும் பூச்சரம் தொங்கும், காய் மட்டும் பிடிக்காது. ஹேசல்நட் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒத்துவரும் வேறு ரகத்திலிருந்து காற்றில் வந்து சேர வேண்டும். ஜெஃபர்சன் பிந்திப் பூப்பது, எல்லா ரகமும் அதற்கு ஒத்துவராது. பக்கத்தில் ‘தீட்டா’ கன்று வைத்தோம். அது வளர்ந்து பூச்சரம் விட்ட பிறகு காய் பிடித்தது. (தேனீ வேண்டாமா என்று அம்மா கேட்டார். குளிர்காலத்தில் ஏதம்மா தேனீ!)

சேப்பங்கிழங்கு நேர்மாறு. ஹேசல்நட்டுக்குக் குளிர் அவசியம். சேம்பு இலையோ உறைபனி பட்டாலே கருகும். ஹேசல்நட் வேரில் தண்ணீர் தேங்கக்கூடாது. சேம்பு சேற்றிலும் செழிக்கும். அதனால் மார்ச்சில் வீட்டுக்குள் முளைக்கவிட்டு, மே கடைசியில் துளையில்லாத தொட்டிக்கு மாற்றி, வெயில் படும் தெற்குச் சுவரோரம் வைக்கிறேன். அக்டோபரில் பிடுங்கினால் புளிக்குழம்புக்குத் தேறும். அரைவேக்காடாக இறக்கினால் கால்சியம் ஆக்சலேட் தொண்டையை அரிக்கும், ஜாக்கிரதை.

தரையில் ஒன்றுக்குத்தான் இடம் என்றால் ஹேசல்நட்டுக்கே கொடுப்பேன். சேம்புக்குத் தொட்டி போதும்.