நிதி திரட்டும் சைக்கிள் பயணம்: பல வருடம் கழித்து ஏறுகிறவர்கள் செய்யும் தவறுகள்

நிதி திரட்டும் நெடுந்தூரப் பயணம் ஒன்று அறிவிக்கப்பட்டால் போதும், பத்துப் பதினைந்து வருடமாகச் சைக்கிளைத் தொடாத சிலர் எங்கள் பயிற்சிக்கு வந்து சேர்வார்கள். நல்ல காரியத்துக்காக வருகிறார்கள், ஆசையோடு ஓட்டுகிறார்கள். நான் செய்த அதே தவறுகளையும் ஒன்றுவிடாமல் செய்கிறார்கள். ஹெல்மெட், பிரேக் பற்றியெல்லாம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மற்றவற்றுக்கு வருகிறேன்.

மூச்சு வாங்கவில்லை என்று தூரத்தைக் கூட்டுவது

இதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்குப் பொறுக்காது. "களைப்பே தெரியவில்லை, இன்னும் 20 கிலோமீட்டர் போய்விட்டு வருகிறேன்" என்று மூன்றாவது வாரத்தில் யாராவது சொன்னால், வண்டியைப் பிடித்து நிறுத்தத் தோன்றுகிறது.

பன்னிரண்டு வருட இடைவெளிக்குப் பிறகு 160 கிலோமீட்டர் பயணம் ஒன்றுக்குப் பெயர் கொடுத்தேன். முதல் ஞாயிறு 30 கிலோமீட்டர், அடுத்த வாரம் 45, நான்காவது வாரம் 80. மூச்சு சீராக இருந்தது. பழைய உடம்பு திரும்பிவிட்டது என்றே நம்பினேன். ஐந்தாவது வாரம் மாடிப்படி இறங்கும்போது வலது முட்டிச் சில்லுக்குக் கீழே சுருக்கென்று ஒரு வலி. தசைவலிதான், ஓட்ட ஓட்டச் சரியாகும் என்று விட்டுவிட்டேன். அதற்குள் உறவினர்களும் உடன் வேலை செய்பவர்களும் என் பெயரில் பணம் கொடுத்திருந்தார்கள். அவர்கள் முகத்தை நினைத்துத்தான் வலியோடு ஓட்டினேன். எட்டாவது வாரம் 110 கிலோமீட்டர் போனவன் பாதி வழியில் பெடலை அழுத்த முடியாமல் இறங்கி, வேறொருவர் காரில் வீடு வந்தேன். அந்தப் பயணத்துக்கு நான் போகவில்லை. முட்டி பழைய நிலைக்கு வர ஐந்து மாதம் ஆனது.

காரணம் எளிமையானது. திரும்பவும் ஓட்டத் தொடங்கினால் இதயமும் ரத்த ஓட்டமும் சில வாரங்களிலேயே தேறிவிடும். முன்பு உழைத்த தசைகளும் சீக்கிரம் பலம் பெறும். ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அவை உறுதிப்பட மாதக்கணக்காகும். புதிதாக ஓட்டக் கற்றவருக்கு மூச்சே கடிவாளம் போடும். திரும்பி வருகிறவருக்கு அந்தக் கடிவாளம் சீக்கிரம் கழன்றுவிடுகிறது. அதனால்தான் நான்காவது வாரத்துக்குப் பிறகு இவர்களிடம் இன்னும் கவனமாக இருக்கிறேன்.

வாரத்தின் மொத்தத் தூரத்தை ஏறத்தாழ 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதீர்கள். இது கணக்குப் பிசகாத விதி இல்லை, ஆனால் ஆர்வத்துக்கு நல்ல வேலி. நான்கு வாரத்துக்கு ஒருமுறை தூரத்தைக் குறையுங்கள். பயிற்சியில் முழுத் தூரத்தையும் ஓட்டிப் பார்க்கத் தேவையில்லை. 160 கிலோமீட்டர் பயணத்துக்கு 110 முதல் 125 வரை போய் வந்தால் போதும்.

கியரையும் கவனியுங்கள். பழைய பலத்தை நினைத்துக் கனமான கியரில் மிதிப்பதுதான் முட்டியை அதிகம் படுத்துகிறது. சமதரையில் பெடல் நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று வரும்படி கியரை லேசாக்குங்கள். ஏற்றத்தில் இன்னும் சீக்கிரமாகவே இறக்குங்கள்.

இரண்டு தொடையும் கனத்து, இரண்டு மூன்று நாளில் அடங்கினால் அது உழைத்த வலி. ஒரே முட்டியில், விரல் வைத்துக் காட்டக்கூடிய ஓர் இடத்தில் வலித்தால் அது வேறு. அன்றே நிறுத்துங்கள், பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள். பணம் கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிக்காதீர்கள். நான் ஒவ்வொருவருக்கும் எழுதினேன். ஒருவர்கூடப் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

சீட் உயரத்தைக் கண்ணால் வைப்பது

குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அப்புறம் முன்பாதத்தை வைத்தால் முட்டி லேசாக மடங்கும். சீட் தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் முட்டியின் முன்பக்கம் வலிக்கும், உயர்ந்திருந்தால் பின்பக்கம். மாற்றும்போது சில மில்லிமீட்டர் மட்டும் மாற்றுங்கள்.

மெத்தென்ற சீட்

ஒரு மணி நேரத்துக்குச் சுகம், ஐந்து மணி நேரத்துக்கு வேதனை. உட்காரும் எலும்புகள் அதில் புதைந்து, பாரம் மென்மையான சதையில் இறங்குகிறது. பேடிங் வைத்த ஷார்ட்ஸை உள்ளாடை இல்லாமல் போடுங்கள்.

பசித்த பிறகு சாப்பிடுவது

உடம்பில் சேமித்த மாவுச்சத்து, நன்றாக அழுத்தி ஓட்டினால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்தில் தீரத் தொடங்கும். தீர்ந்தபின் சாப்பிட்டால் தேற நேரமாகும். முதல் மணி நேரத்திலிருந்தே, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகட்டும். பயணத்தன்று என்ன சாப்பிடப் போகிறீர்களோ அதையே பயிற்சியிலும் சாப்பிட்டுப் பாருங்கள். வயிற்றுக்கும் பழக்கம் வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் அளவில்லாமல் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகும், ஆகவே தாகத்துக்கு ஏற்பக் குடியுங்கள், உப்பும் சேரட்டும்.

பல வருடம் நின்ற டயர்

மாற்றுங்கள். ஓடாவிட்டாலும் ரப்பரில் வெடிப்பு விழும்.

விட்ட பயிற்சியைக் கடைசி வாரத்தில் பிடிப்பது

கடைசி ஏழு நாளில் ஓட்டுவது பலமாக மாற நேரமில்லை, களைப்பு மட்டும் மிஞ்சும். கடைசி இரண்டு வாரம் தூரத்தைப் பாதியாகக் குறைத்து, அதற்குள் கொஞ்ச நேரம் வழக்கமான வேகத்தில் ஓட்டுங்கள். பயணத்துக்கு முந்தைய ஞாயிறு நான் 40 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. மதியம் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, இரண்டு டியூப், டயரைக் கழற்றும் லீவர், பம்ப் எல்லாம் பையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தூங்கப் போவேன்.