பெண்டிரைவில் இருந்தது ஐகான் மட்டும்

ஒரு ஹார்டுவேர் கடையில் கம்ப்யூட்டர் ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்று என்னைக் கூப்பிட்டார்கள். "பேக்கப் இருக்கா?" என்றேன். "தினமும் எடுக்கிறேன் சார்" என்று கல்லாவிலிருந்து பெண்டிரைவை எடுத்துக் கொடுத்தார் கணக்கு எழுதும் பெண். உண்மைதான். இரண்டு வருடம், ஒரு நாள் விடாமல், தேதி போட்ட ஃபோல்டர்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு ஃபைல், 2 கேபி. கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலியைத் திறக்க டெஸ்க்டாப்பில் இருந்த ஐகானைத்தான் அவர் தினமும் காப்பி செய்திருக்கிறார். டேட்டா வேறு ஃபோல்டரில் இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவே இல்லை.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண்டிரைவை யாரும் ஒருமுறைகூட இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பார்க்கவில்லை, தவறு அதுதான். பெரிய நிறுவனங்களும் இதில் மாட்டியிருக்கின்றன. 2017 ஜனவரி 31 அன்று, புரோகிராம் எழுதுபவர்கள் தங்கள் கோடைச் சேமித்து வைக்கும் இணையதளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஓர் இன்ஜினியர் தவறுதலாக முக்கிய டேட்டாபேஸை அழித்துவிட்டார். அவர்கள் நம்பியிருந்த ஐந்து பேக்கப் வழிகளில் ஒன்றுகூடச் சரியாக வேலை செய்யவில்லை. பேக்கப் தோல்வி என்று போக வேண்டிய மின்னஞ்சல்கள்கூடப் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக எடுத்து வைத்த ஒரு காப்பிதான் கைகொடுத்தது. இடைப்பட்ட ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான்.

அடுத்து நான் அதிகம் பார்க்கும் தவறு, எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்திருப்பது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் ரான்சம்வேர் உள்ளே வந்தால் சி டிரைவோடு நிற்காது. செருகியிருக்கிற எல்லாவற்றையும் பூட்டும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியபோது பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி வைத்திருந்தவர்களுக்கு மறுபடி எழ ஒரு வழி இருந்தது. எடுத்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். அதைக் கடையிலேயே வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளக் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்ததை மறக்க முடியுமா? கம்ப்யூட்டரும் பேக்கப்பும் ஒரே மேஜையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும்.

"எங்களுக்கு எல்லாம் கூகுள் டிரைவில் ஏறிவிடுகிறது" என்பார்கள். அது ஒத்திசைவு (சிங்க்), பேக்கப் இல்லை. இங்கே ஒரு ஃபைலை அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு போய்விடும். அந்த டிரைவ் யாருடைய ஜிமெயிலில் இருக்கிறது என்றும் பாருங்கள். வேலையை விட்டுப் போன பையனின் ஜிமெயிலில் கடையின் மூன்று வருடக் கணக்கு இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரே காப்பியின் மேலேயே தினமும் எழுதுவதும் ஆபத்து. ஃபைல் இன்று கெட்டிருந்தால், இரவு நீங்கள் எடுப்பது கெட்ட காப்பி. நேற்றைய நல்ல காப்பியும் அதோடு போச்சு. திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு ஃபோல்டர் வையுங்கள். மாதக் கடைசியில் ஒன்றைத் தனியாக எடுத்து வையுங்கள். மார்ச் 31 காப்பியில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது: ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். டேலியில் கணக்கைப் பூட்டி வைக்கும் டேலி வால்ட் பாஸ்வேர்டு போட்டிருந்தால் அதைக் காகிதத்தில் எழுதிப் பீரோவில் வையுங்கள். அது மறந்துபோனால் பேக்கப் இருந்தும் கணக்கைத் திறக்க முடியாது.

எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுப்பது என்று எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள். உங்கள் ஆட்களால் எத்தனை நாள் பில்லை மறுபடி உட்கார்ந்து ஏற்ற முடியும்? ஒரு நாளைக்கு 200 பில் போடும் கடையில் ஒரு வார பில் என்றால் 1,400. எனக்கு அது முடியாது. அதனால் தினமும் எடுங்கள் என்கிறேன்.

அந்த ஹார்டுவேர் கடையில் பேப்பர் பில்களையும் ஆடிட்டரிடம் இருந்த ரிட்டர்ன்களையும் வைத்து இரண்டு மாதம் உட்கார்ந்து கணக்கை மறுபடி ஏற்றினார்கள். இப்போது அதே பெண் மாதத்தின் முதல் திங்களன்று பேக்கப் டிஸ்க்கை முதலாளியின் லேப்டாப்பில் போட்டு, அதிலிருந்து கணக்கைத் திரும்ப ஏற்றி (ரெஸ்டோர்) பார்க்கிறார். கடைசி பில் எண், ரொக்க இருப்பு இரண்டையும் கடைக் கம்ப்யூட்டரோடு ஒப்பிட்டு, ஒரு நோட்டில் தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். பத்து நிமிடம் ஆகிறது.