தென் சூடான் பற்றி மதத் தலைவர்கள் அறிக்கை விட்டால் எப்படிப் படிப்பது

முதலில் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அங்கே ஒரு கிறிஸ்தவ சபை மட்டும் பேசினால் ஒதுக்கிவிடலாம், மூன்று பெரிய சபைகள் சேர்ந்தால் அது கஷ்டம். 2023 பிப்ரவரியில் போப் பிரான்சிஸ், ஆங்கிலிக்கன் சபையின் கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி, பிரெஸ்பிட்டேரியன் பிரிவான ஸ்காட்லாந்து சபையின் இயன் கிரீன்ஷீல்ட்ஸ் மூவரும் ஒன்றாகவே தலைநகர் ஜூபாவுக்குப் போனார்கள்.

அப்புறம் கோரிக்கைகளைப் பிரியுங்கள். உணவு, மருந்து, நிவாரண லாரிகளுக்கு வழி என்பதெல்லாம் ஜூபா அரசையும் ஆயுதக் குழுக்களையும் பார்த்துச் சொல்வது. ஆயுதத் தடை, பயணத் தடை என்று வந்தால் அது வெளிநாட்டு அரசுகளுக்கு. இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் 2018 ஜூலையில் ஐநா பாதுகாப்பு சபை கொண்டுவந்த ஆயுதத் தடைக்கு ஆதரவாக விழுந்தது 9 ஓட்டுதான், ஆறு நாடுகள் ஒதுங்கிக்கொண்டன, ஒன்று குறைந்திருந்தாலும் தீர்மானம் விழுந்திருக்கும். எந்த நாட்டைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள் என்று தேடுங்கள். பெயரே இல்லாமல் 'சர்வதேச சமூகம்' என்று மட்டும் இருந்தால் பாதி காற்று.

புகைப்படத்துக்கு மயங்காதீர்கள். 2019 ஏப்ரலில் வத்திக்கானில் போப் மண்டியிட்டு அதிபர் சல்வா கீர், அவரை எதிர்த்துப் போரிட்ட ரியக் மச்சார் ஆகியோரின் கால்களை முத்தமிட்டார். இருவரும் சேர்ந்த கூட்டு அரசு அமைந்தது 2020 பிப்ரவரியில்தான். 2024 டிசம்பரில் நடக்கவேண்டிய தேர்தலோ 2026 டிசம்பருக்குத் தள்ளிப்போனது. அதனால் அறிக்கையின் தேதியைக் குறித்துவைத்து, ஆறு மாதம் கழித்து எந்தக் கோரிக்கை நகர்ந்தது என்று திரும்பிப் பாருங்கள்.