மொழியியல் வேலைக்குத் திரும்புவோருக்கு: முதல் வாரச் செய்முறை

மொழியியல் படித்துவிட்டு, வீட்டு நிலைமையால் வேறு தொழிலுக்குப் போய், பல வருடங்களுக்குப் பின் மொழி ஆய்வு உதவியாளராக நியமனம் பெற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் இலங்கையின் ஹட்டனில் 8 வருடங்கள் டியூஷன் வகுப்பு நடத்திய பின்னரே, தேயிலைத் தோட்டத்துப் பேச்சைப் பதிவுசெய்யும் இந்த வேலைக்கு வந்தேன். மறந்துபோன கோட்பாடுகளைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் மீட்க வேண்டியது காதைத்தான்.

முதற்படியாக, ஒலியைப் படமாகக் காட்டும் பிராட் (Praat), பதிவைக் கேட்டபடியே அதற்கு நேராக எழுத உதவும் எலான் (ELAN) ஆகிய இரண்டு மென்பொருள்களையும் கணினியில் நிறுவுங்கள். இரண்டும் இலவசமானவை.

இரண்டாவது படிதான் முக்கியமானது. நாளொன்றுக்கு ஒரு நிமிடப் பேச்சை மட்டும் எடுத்து, கேட்டது கேட்டபடி எழுதுங்கள். முதல் நாள் எனக்கு இதற்கு ஒன்றரை மணித்தியாலம் சென்றது. விடியற்காலையில் தொழிலாளரைக் கூட்டி வேலை பிரிக்கும் 'பெரட்டு' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலப் 'பரேட்'தான் இப்படி ஆகியிருக்கிறது. அந்தச் சொல்லின் பதிவைப் பிராட்டில் திறந்தால், 'ட்ட' ஒலிக்காக நாக்கு மேலண்ணத்தில் அழுந்தி நிற்கும் நேரம் படத்தில் வெற்றிடமாகத் தெரியும். 'படம்' என்பதிலுள்ள ஒற்றை 'ட'வோடு ஒப்பிட்டால் அந்த வெற்றிடம் எவ்வளவு நீளமானது என்பது விளங்கும். அந்த வேறுபாட்டைக் கண்ணால் பார்த்த அன்றுதான், பழைய பயிற்சி என்னிடம் இன்னும் இருக்கிறதென்று நம்பினேன்.

அடுத்து, பதிவுக்குப் போகும்போது கொழுந்து பறிப்பவர்கள் களைத்துத் திரும்பும் மாலையைத் தவிர்த்து, ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டுப் பெறுங்கள். எதற்காகப் பதிவுசெய்கிறீர்கள், யார் கேட்பார்கள் என்பதைச் சொல்லி, அவர்களின் சம்மதத்தையும் ஒலிப்பதிவிலேயே வாங்குங்கள். "இந்தச் சொல்லை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டால் பள்ளிக்கூடத் தமிழே வரும், "ஒங்க காலத்துல பெரட்டு எப்படி இருந்துச்சு அம்மாயி?" என்று கேட்டால் பேச்சு தானாக ஓடும். வானத்தையும் பாருங்கள். லயத்தின் (தொழிலாளரின் வரிசை வீடுகளின்) தகரக்கூரையில் மழை விழுந்து, நான் எடுத்த 40 நிமிடப் பதிவில் ஒரு வசனம்கூடத் தேறவில்லை.

எம்பி3 வடிவம் ஒலியின் ஒரு பகுதியை நீக்கிவிடுவதால், ஒலியை முழுதாக வைத்திருக்கும் வேவ் (WAV) வடிவிலேயே பதியுங்கள். 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம் (mono) என்ற அமைப்பில் ஒரு மணித்தியாலப் பதிவு ஏறத்தாழ 318 மெகாபைட் வரும். பேசியவரின் வயது, பிறந்த தோட்டம், பதிந்த திகதி ஆகியவற்றை அன்றிரவே எழுதிவையுங்கள். கருவியிலுள்ள மூலக் கோப்பை, வெவ்வேறு இடங்களில் இரண்டு பிரதிகள் வைத்து, இரண்டையும் திறந்து கேட்ட பின்னரே அழிக்க வேண்டும்.